சம்பந்தியம்மாளின் காப்பிக் கெண்டி

போலோஞா,
24 ஏப்ரல் 1974

அன்பு மகள் இம்மாவுக்கு,

சித்தப்பா கத்தெல்லோ, ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள விடுதியில் ஜன்னலோரம் உட்கார்ந்து கைப்பட எழுதிக்கொள்வது. நான் சுகம். என் முழங்கால் சுகம். காஸ்டெல்லாமாரேயில் உன் அம்மா சுகம். நான் கிளம்பும்போது எனக்குக் கம்பளி பனியன் போட்டுவிடப் பார்த்தாள், தப்பித்தேன். மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளை லீவியோவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. கோபமாக எழுதியிருந்தாய். கோபத்திலும் உன் கையெழுத்து வரிசை தவறவில்லை, அது நம் குடும்பத்துக் கை. ஜூன் பதினைந்தாம் தேதி நம் ஊர்க் கோவிலில் கல்யாணம் என்று ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. இப்போது போய் மாப்பிள்ளையின் அம்மா, அந்த நீவெஸ் அம்மாள், டிரியெஸ்டேயில் உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? அதற்குக் காரணம் நான் அவளுக்கு எழுதிய அழைப்புக் கடிதம்தான் என்கிறாய். "சித்தப்பா, நீங்கதான் கெடுத்தீங்க, நீங்களே நேர்ல போய்ச் சரி பண்ணுங்க. அப்பா இல்லாம வளர்ந்தவர் லீவியோ. அம்மாவும் வரலைன்னா பீடத்துக்கு முன்னாடி நிக்க மாட்டார், நானும் அவரை வற்புறுத்த மாட்டேன்" என்று நீ எழுதியதை உன் அம்மா மூன்று தடவை உரக்கப் படித்தாள். மூன்றாவது தடவை என்னைப் பார்த்துக்கொண்டே படித்தாள்.

மாப்பிள்ளை வீட்டாரை அழைக்கும்போது கொஞ்சம் வர்ணனை இல்லாமல் எழுதினால் மரியாதையாகுமா, சொல். மலைக்குப் போகும் ரோப் கார் நம்முடையது என்று எழுதினேன். இருபத்திரண்டு வருஷமாக அதன் கதவைச் சாத்தித் திறக்கிறவன் நான். எனக்கில்லாத பாத்தியதை வேறு யாருக்கு? கடற்கரையில் நாற்பது அறை ஹோட்டல் என்று எழுதினேன். நம் பால்கனியில் நின்றால் அந்த ஹோட்டல் தெரிகிறது. ஆயரே வந்து மணமக்களை ஆசீர்வதிப்பார் என்றதும் முழுப் பொய் இல்லை, அவர் அந்த மாதம் வருகிறார், வேறு காரியமாக. இதையெல்லாம் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் தன் பிள்ளைக்கு, நல்ல குடும்பத்துக்கு இவ்வளவு பொய் எதற்கு என்று எழுதிவிட்டாளாம். வடக்கத்தி ஆட்களுக்கு ரசனை குறைவு.

சரி, புறப்பட்டுவிட்டேன். உன் அம்மா கொடுத்த பிஸ்கோத்து டப்பாவும், நம் ஊர் ஊற்றுத் தண்ணீர் ஐந்து லிட்டரும் கூட வருகின்றன. பிரம்பு பின்னிய கண்ணாடிக் குடுவையில் மடியில் வைத்துக் கொண்டுபோகிறேன். நல்ல காப்பிக்குப் பாதி காரணம் தண்ணீர்தான் என்று நமக்குத் தெரியும், டிரியெஸ்டேக்காரிக்குத் தெரிய வேண்டாமா.

நேரே போ என்று நீ எழுதியிருந்தாலும், வழியில் உள்ள ஊர்களுக்கு மரியாதை செய்யாமல் போவது நல்லதல்ல என்று ரோமில் இறங்கினேன். நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பாரில் நின்றபடி என் குடுவையை மேஜைமேல் வைத்து, இந்தத் தண்ணீரில் எனக்கொரு காப்பி போட்டுக் கொடு என்றேன். அந்த ஆள் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "பெரியவரே, இங்க குழாய்த் தண்ணியக் குடிச்சுத்தான் பேரரசர்களெல்லாம் வளந்தாங்க" என்றான். அதனால்தான் ஒருத்தரும் மிஞ்சவில்லை என்றேன். பாரே சிரித்தது. முப்பது பேர் என் கையைக் குலுக்கினார்கள். மூன்று பேர் என்று வைத்துக்கொண்டாலும் ரோமாபுரியில் அது பெரிய எண்ணிக்கைதான்.

போலோஞா எனக்குப் பழக்கமான ஊர் என்பது உனக்குத் தெரியும். தெருவெல்லாம் வளைவு வளைவாகக் கூரை, மழைக்குக் குடை வேண்டாம். சாப்பாட்டுக் கடையில் மாவுப் பொட்டலங்களைக் குழம்பில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்தார்கள், விரல் நுனி அளவு, உள்ளே இறைச்சி. மூன்று கிண்ணம். சமையல்காரி வெளியே வந்து முதல் தடவையாக வருகிறீர்களா என்று கேட்டாள். எத்தனையோ தடவை என்றேன். அதற்கு அவள், அப்படியானால் குழம்பைக் குடிக்க முள்கரண்டியை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். இந்த ஊர்ப் பெண்களுக்கு வாய் அதிகம்.

இன்று கிளம்புவதாகத்தான் இருந்தது. ஆனால் முழங்கால் சற்று ஓய்வு கேட்கிறது. நாளை கிளம்புவேன். நீ கவலைப்படாதே. உன் மாமியாரைக் கையோடு பிடித்துக்கொண்டு வந்து உன் கல்யாணப் பந்தியில் முதல் நாற்காலியில் உட்கார வைப்பது என் பொறுப்பு.

தேவன் உன்னைக் காக்கட்டும்.

உன் அன்புச் சித்தப்பா
கத்தெல்லோ


வெனிஸ்,
28 ஏப்ரல் 1974

என் கண்ணான இம்மாவுக்கு,

சித்தப்பாவின் ஆசி. நான் சுகம், தண்ணீர்க் குடுவையும் சுகம். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

வெனிஸ் எனக்குப் பழைய சிநேகிதம். நீ சின்னப்பெண்ணாக இருந்தபோது ரோப் காரில் என்னோடு ஏறிக்கொள்வாய், மலையுச்சி போய்ச் சேரும் அந்த எட்டு நிமிஷத்துக்குள் வெனிஸைப் பற்றி எத்தனை தடவை கேட்டிருக்கிறாய். ஊர் அப்படியேதான் இருக்கிறது. முன்பு நான் வந்தபோது இவ்வளவு தண்ணீர் இல்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். நகராட்சி கவனிக்க வேண்டும்.

பெரிய சதுக்கத்தில் ஒரு காப்பிக் கடை, வெளியே மேஜைகள், வாத்தியக் குழு வாசிக்கிறது. நம் ஊரில் காப்பி என்றால் நின்று, மூன்று மடக்கு, கிளம்பிவிடுவோம். இங்கே மூன்றே மடக்கில் முடித்துவிட்டு எழுந்தேன். வெள்ளைக் கோட்டுப் பணியாள் பதறிப்போய், "உக்காருங்கய்யா, இந்தப் பாட்டும் ரசீதுல சேந்திருக்கு" என்றான். அதைப் பார்த்த பிறகு ஏழு பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். எட்டாவதற்கு எழுந்துபோய் அவர்களோடு சேர்ந்து பாடினேன். சதுக்கத்திலிருந்த புறாக்கள் ஒரேயடியாக எழும்பிப் பறந்தன. அது கைதட்டல் மாதிரியே இருந்தது.

சாப்பாடு பற்றிச் சொல்கிறேன். மத்தி மீனைப் பொரித்து, வெங்காயமும் காடியும் ஊற்றி இரண்டு நாள் ஊறப்போட்டுக் கொடுக்கிறார்கள். உன் அம்மாவிடம் சொல்லாதே, அவள் செய்வதைவிட நன்றாக இருக்கிறது. கணவாய் மீனின் மையில் வேகவைத்த கறுப்புச் சோறும் சாப்பிட்டேன். அதைச் சாப்பிட்ட கையோடு பாலத்தின் மேல் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டு சிரித்திருக்கலாம், நான் முழுசாகச் சிரித்துவிட்டேன். படத்தை இதோடு வைத்திருக்கிறேன். பல் இல்லாத கிழவன் யார் என்று மாப்பிள்ளை கேட்டால் அது நிழல் என்று சொல்.

இங்கே மூன்று நாளாகிறது. நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், காரணம் இருக்கிறது. ஒரு பெண்மணியைப் பார்க்கப் போகும்போது அவள் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். இங்கே படகுத்துறையில் டிரியெஸ்டேக்காரன் ஒருவனைப் பிடித்து விசாரித்தேன். உன் மாமியார் துறைமுகத்துக் கிடங்கில் முப்பது வருஷம் காப்பிக்கொட்டை பொறுக்கினவள் என்று நீ எழுதியிருந்தாயே, அந்த வேலை என்ன வேலை என்று கேட்டேன். கப்பலில் வரும் மூட்டையைக் கொட்டி வைத்துக்கொண்டு கெட்ட கொட்டையை விரலால் தள்ளுவதுதான் வேலையாம். ஒரு கெட்ட கொட்டை மிஞ்சினால் மூட்டையே நாறிவிடுமாம். அந்த வேலை செய்கிற பெண்கள் பேச்சிலும் அப்படித்தான், ஒன்றைக்கூட விடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு, எனக்கு நல்வாழ்த்துச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துக் குலுக்கினான். சாவு வீட்டில் குலுக்குவதைப்போல.

டிரியெஸ்டேக்கு நாளைக் காலை ரயில் இருக்கிறது. நாளை மறுநாளும் இருக்கிறதாம். விசாரித்து வைத்திருக்கிறேன்.

உன் கல்யாண உடையில் லேஸ் வைக்கலாமா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள். நிறைய வை. மாதாவின் கருணை உன்மேல் இருக்கட்டும்.

உன் சித்தப்பா
கத்தெல்லோ


டிரியெஸ்டே,
2 மே 1974

அன்புள்ள இம்மா,

நலம். இந்த ஊரில் நிற்க முடிகிறவன் எல்லோரும் நலம். மே மாதம் பிறந்தும் காற்று விடவில்லை. தெருமுனையில் என் தொப்பி பறந்து யூகோஸ்லாவியாவுக்குப் போய்விட்டது. நானும் ஓரடி உயரம் எழும்பினேன். குடுவையின் பாரம்தான் என்னைக் கீழே பிடித்துவைத்தது.

இங்கே காப்பி கேட்பதற்கே ஒரு படிப்பு வேண்டும். பாரில் காப்பி என்றேன். கறுப்பா, தலையா, கண்ணாடித் தம்ளரில் தலையா என்று அந்தப் பெண் கேட்டாள். தெரியாதவன் மாதிரி நிற்க முடியுமா, ஆமாம் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மூன்றும் வந்தன. மூன்றையும் குடித்தேன். "தலை" என்றால் ஒரு சொட்டுப் பால் நுரை, அவ்வளவுதான். பெயர் வைப்பதில் நம்மைவிட மோசமானவர்கள்.

இனி காரியத்துக்கு வருகிறேன். உன் மாமியாரின் வீடு மூன்றாம் மாடி. கதவைத் திறந்தவள் குட்டையானவள், நரைத்த முடியை இறுக்கி முடிந்திருந்தாள். என்னைச் செருப்பிலிருந்து தலைவரை பார்த்தாள், தொப்பி இல்லாத தலையில் அவள் பார்வை கொஞ்சநேரம் நின்றது. சம்பந்தியம்மா, நான்தான் பெண்ணின் சித்தப்பா என்றேன். "சம்பந்தியம்மான்னு கூப்பிடாதீங்க. இன்னும் ஆகல" என்றாள். ஆனாலும் காற்றடிக்கிற நாளில் ஒரு மனிதனை வாசலில் நிறுத்தக் கூடாது என்று உள்ளே விட்டாள்.

சமையலறை மேஜையில் பச்சைக் காப்பிக்கொட்டை ஒரு குவியல், கீழே செய்தித்தாள். வேலையை விட்டாலும் விரல் விடவில்லை போலும். எனக்கு எதிரே உட்கார்ந்து கொட்டை பொறுக்கிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஹோட்டலில் எத்தனை அறை என்றாள். நாற்பது என்று எழுதியது நினைவிருந்தது, ஆனால் இப்போது விரிவுபடுத்திக்கொண்டிருக்கிறோம் என்று சேர்த்துச் சொன்னேன். ஒரு கொட்டையை நகத்தால் ஓரம் தள்ளினாள். ஆயரைப் பற்றிக் கேட்டாள், சொன்னேன். இன்னொரு கொட்டை தள்ளினாள். இப்படி நான் ஏழு பதில் சொல்லி முடித்தபோது ஓரத்தில் ஏழு கொட்டை இருந்தது. தற்செயல்தான், இருந்தாலும் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ரொட்டி வாங்கி வருகிறேன், உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குச் சும்மா உட்கார்ந்து பழக்கம் இல்லை. அவள் வருவதற்குள் நம் ஊர்த் தண்ணீரில் ஒரு காப்பி போட்டு வைத்தால் மனசு இளகும் என்று தோன்றியது. அடுப்பின்மேல் அவள் காப்பி போடும் மோக்கா கெண்டி இருந்தது. உள்ளே பார்த்தேன், ஒரே கறுப்பு. பாவம், தனியாக இருக்கிறவள், தேய்க்கத் தெம்பில்லை என்று நினைத்துக்கொண்டேன். சட்டைக் கையை மடித்துவிட்டு, சோப்புப் போட்டு, இரும்பு நார் போட்டு, எலுமிச்சம்பழமும் போட்டு அரைமணி நேரம் தேய்த்தேன். இம்மா, பூசைப் பாத்திரம் தோற்றது. முகம் பார்க்கலாம்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு சிறிய கருத்து வேறுபாடு வந்தது. அவள் ரொட்டியைக் கீழே வைத்தாள். கெண்டியை எடுத்து மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனாள். ரொம்ப நேரம் முகர்ந்தாள். பிறகு, "யார் இதுக்கு சோப்புப் போட்டது?" என்றாள், சத்தமே இல்லாமல். வந்தபோதே இப்படித்தான் இருந்தது என்றேன்.

அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நமக்குப் பழக்கம், சமாளித்திருப்பேன். "இதுக்குத் தண்ணி மட்டும்தான் காட்டணும். எங்க வீட்ல இருபத்தஞ்சு வருஷமா சோப்புப் பட்டதில்ல. லீவியோ கப்பல் ஏறின அன்னிக்குக் காலைல அவனுக்குக் காப்பி போட்டதும் இதுலதான். அந்தக் காப்பியும் இதுக்குள்ள இருந்துச்சு" என்றாள். பிறகு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். பிஸ்கோத்து டப்பாவைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். குடுவையை மட்டும் மறந்துவிட்டு வந்தேன், அல்லது விட்டுவிட்டு வந்தேன், எது என்று தெரியவில்லை.

இப்போது விடுதியில் இருக்கிறேன். நாளை மறுபடி போவேன். நிலைமை என் கைக்குள் இருக்கிறது. நீ அங்கே மாப்பிள்ளையிடம் ஒன்றும் சொல்லாதே, சித்தப்பா வீட்டைச் சுத்தம் செய்து கொடுத்தார் என்று மட்டும் சொல்.

உன் சித்தப்பா
கத்தெல்லோ


டிரியெஸ்டே,
3 மே 1974

என் மகள் இம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை உன் மாமியாரின் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் எதிரே மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு இருக்கிறாள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் வாங்கிப் படிக்கிறாள். ஏன் என்று கடைசியில் தெரியும். கை நடுங்குவதால் எழுத்து ஆடுகிறது. அதற்கும் காரணம் வரும்.

இன்று காலை எட்டு மணிக்குப் போய் மணியடித்தேன். கதவைப் பாதிதான் திறந்தாள். ராத்திரி முழுக்க ஒரு நல்ல சாக்குத் தயாரித்து வைத்திருந்தேன், எலியும் பூனையும் வருகிற நீளமான கதை. அவள் முகத்தைப் பார்த்ததும் எலி ஓடிவிட்டது. நான்தான் கழுவினேன் என்றேன். தெரியும் என்றாள். சோப்புப் போடக் கூடாது என்று எனக்குத் தெரியாது என்றேன். அதை அவள் நம்பவில்லை. "நேப்பிள்ஸ் பக்கத்து ஆளுக்கு மோக்கா கழுவத் தெரியாதா?" என்றாள்.

இம்மா, எனக்குத் தெரியாது. காப்பியைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறவன் நான், என் கையால் ஒரு காப்பி போட்டதில்லை. காலையில் பாரில், பதினொரு மணிக்குப் பாரில், ரோப் கார் நின்ற பிறகு பாரில். தனி ஆள் ஒருவனுக்காக அடுப்புப் பற்ற வைக்க மனசு வருவதில்லை. வீட்டில் கெண்டியே கிடையாது. இதை வாசற்படியில் நின்று சொன்னேன். அவள் கதவை முழுசாகத் திறந்தாள்.

புதுக் கெண்டியைப் பழக்குவதைப்போல இதையும் மறுபடி பழக்க வேண்டுமாம். காப்பி போட்டுப் போட்டுக் கொட்ட வேண்டுமாம், உலோக வாடை போகும்வரை. எங்கள் ஊரில் காப்பியைக் கொட்ட மாட்டோம், நான் குடிக்கிறேன் என்றேன். பெருமைக்குச் சொல்லிவிட்டேன். அவள் என் குடுவையிலிருந்தே தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தாள்.

முதல் கோப்பை. எப்படி இருக்கிறது என்றாள். பிரமாதம் என்றேன். இரண்டாவது. வெல்வெட்டு மாதிரி இருக்கிறது என்றேன். மூன்றாவதற்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை, ஏதோ தேவதூதர்கள் வந்தார்கள். நாலாவது உள்ளே போனபோது கண்ணில் தண்ணீர் முட்டியது. ஐந்தாவதை அவள் நீட்டினாள். நான் வாங்கவில்லை.

"அம்மா, இது சோப்புத் தண்ணி. இதுல இரும்பு வாடை அடிக்குது. மனுஷன் குடிக்க மாட்டான்" என்றேன்.

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்துபோய் எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தை மூடிக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள். "நாலு கப்பு குடிச்ச பிறகுதான் ஒரு உண்மை வந்துச்சு. இன்னும் எத்தனை கப்பு வேணும் உங்களுக்கு?" என்றாள்.

பிறகு பழைய கேள்விகளை முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு கேள்வி, ஒரு கோப்பை. ஹோட்டல் இல்லை என்றேன். அண்ணியின் வீட்டில் இரண்டு அறை, ஒரு பால்கனி, வெளியூர் ஆட்கள் அக்கம்பக்கத்து வீடுகளில் படுப்பார்கள். அதற்கு அவள், "அதை எழுதியிருந்தா மறுநாளே பெட்டி கட்டியிருப்பேனே. நாப்பது ரூம்ல நான் எதுல போய்ப் படுக்கறது?" என்றாள். ரோப் கார் அரசாங்கத்துடையது, நான் கதவு சாத்துகிறவன் என்றேன். ஆயர் கிடையாது, பங்குச் சாமியார்தான் என்றேன். அவர் நன்றாகப் பாடுவார் என்று சொல்லிக்கொண்டு வந்தவன், அவள் விரல் மேஜைமேல் அசைவதைப் பார்த்து, பாடமாட்டார், கத்துவார், காது கேட்காது என்று திருத்தினேன்.

எட்டாவது கோப்பையில் என் நெஞ்சு மலையேறும் மோட்டார் மாதிரி அடித்தது. கால் தானாகவே தாளம் போட்டது. பதினோராவது கோப்பையை அவளும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். கொஞ்சநேரம் நாக்கில் வைத்திருந்தாள். வந்துவிட்டது என்றாள். பிறகு குடுவையைப் பார்த்து, உங்கள் ஊர்த் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது, நீங்கள் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம் என்றாள். ஒவ்வொரு தடவையும் கெண்டியை அலசியதும் அதிலேதான், குடுவையில் ஒரு கோப்பைத் தண்ணீர்கூட மிச்சம் இல்லை.

கல்யாணத்துக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். உங்கள் பெண் உங்கள் கதையைக் கேட்டு வளர்ந்தவள்தானே, அவளிடம் சொன்னதில் எத்தனை பொய் என்றாள். "என் பையன் அவளோட இருக்கப் போறான். அவளுக்கு முதல்ல எழுதுங்க. இங்கயே உக்காந்து எழுதுங்க. நான் படிச்சிட்டு நானே தபால்ல போடறேன். அப்புறம் வர்றேன்" என்றாள்.

எழுதுகிறேன், இம்மா.

நான் வெனிஸை முன்பு பார்த்ததில்லை. போலோஞாவைப் பார்த்ததில்லை. ரோமைக்கூடப் பார்த்ததில்லை. இந்த ஏப்ரல் வரைக்கும் நேப்பிள்ஸைத் தாண்டி ஒரு அடி வைத்ததில்லை. உனக்குச் சொன்ன ஊர்களெல்லாம் ரோப் காரில் ஏறின பயணிகள் சொன்னவை. எட்டு நிமிஷத்தில் அவர்கள் சொன்னதை வாங்கி, மேலும் கொஞ்சம் சேர்த்து, அடுத்த எட்டு நிமிஷத்தில் உனக்குக் கொடுத்தேன். நீ ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு, அதற்கு அப்பால் என்ன சித்தப்பா, அதற்கும் அப்பால் என்ன என்று கேட்பாய். நானும் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன். அப்படியே அப்பால் அப்பால் என்று நீ ஆஸ்திரேலியாவரை போய்விட்டாய். என்னால்தான் போனாயோ என்று உன் அப்பா இறந்த வருஷத்திலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன் அம்மாவிடம் கேட்டதில்லை.

இந்த இடத்தில் உன் மாமியார் தாளை வாங்கிப் படித்துவிட்டு, ரொட்டித் துண்டில் வெண்ணெய் தடவி என் பக்கம் நகர்த்தினாள். வயிற்றில் காப்பி மட்டும் இருக்கக் கூடாதாம்.

போன வாரம் வெனிஸ் நிலையத்தை விட்டு வெளியே வந்தேன். தெரு இருக்கும் என்று நினைத்தேன். படிகள் இறங்கின, பிறகு தண்ணீர். பச்சைத் தண்ணீர், அதன்மேல் படகுகள், காய்கறிக் கூடைகளோடு ஒன்று, சவப்பெட்டியோடு ஒன்று, பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு ஒன்று. யாருமே அதை அதிசயமாகப் பார்க்கவில்லை. குடுவையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டேன். ரயில்வே ஊழியன் ஒருவன் வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்டான். சரியாக இருக்கிறது, கொஞ்சம் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். ஒரு மணி நேரம் பார்த்தேன். நான் உனக்குச் சொன்னதெல்லாம் இதில் கால்வாசி இல்லை, மகளே. அறுபத்தொரு வயதில் முதல் தடவை. டிரியெஸ்டேக்கு வரும்போது ரயில் ஒரு வளைவில் திரும்பியது, திடீரென்று கீழே முழுக் கடலும் திறந்துகொண்டது. பெட்டியில் இருந்தவர்கள் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரையும் தட்டித் தட்டிக் காட்டினேன். ஒரு கன்னியாஸ்திரீ மட்டும் எழுந்து வந்து கூடவே நின்று பார்த்தாள்.

உன் மாமியார் வருகிறாள். ஜூன் பத்தாம் தேதி ரயிலேறுகிறாள். நான் வந்து கூட்டிப்போகிறேன் என்றதற்கு, தனியாக வரத் தெரியும் என்றாள். பிறகு, கிழக்குக் கடலோரமாகவே போகிற ரயில் ஒன்று இருக்கிறதாமே, ரிமினி, அங்கோனா, பெஸ்காரா எல்லாம் வருமாமே, ஊரெல்லாம் தெரிந்தவர் நீங்கள்தானே சொல்லுங்கள் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அவளும் பார்த்ததில்லையாம். "அப்ப நீங்களும் வாங்க, சம்பந்தி. ரெண்டு பேரும் சேந்து பாத்துக்கலாம்" என்றாள். சம்பந்தி என்று அவளே சொன்னாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

எல்லா உண்மையும் எழுதிவிட்டேனா என்று கேட்கிறாள். எழுதிவிட்டேன் என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணத்தன்று பெண்ணின் கையைப் பிடித்துக் கோவிலுக்குள் கூட்டிப்போவது யார் என்று கேட்டாள். அது பெண் தீர்மானிக்கிற விஷயம் என்றேன். அப்படியானால் அவளிடம் கேளுங்கள் என்கிறாள். நான் கேட்கவில்லை, இம்மா. உன் அப்பாவின் இடம் அது. உனக்கு அங்கே மனசில் வேறு யாராவது இருக்கலாம், தனியாகவே நடக்கலாம் என்றும் இருக்கலாம், இப்போதெல்லாம் அப்படியும் செய்கிறார்கள்.

ஒன்று மட்டும் தகவலுக்காகச் சொல்லிவைக்கிறேன். ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு மத்தியானம் கோவில் காலியாக இருந்தபோது போய், வாசலிலிருந்து பீடம்வரை நடந்து பார்த்தேன். நாற்பத்திரண்டு காலடி வருகிறது. மெதுவாக நடந்தால் ஐம்பது. இது நிஜமாகவே எண்ணினது.

யார் கையைப் பிடித்து வந்தாலும் மெதுவாக நட, மகளே. தேவன் உன் ஒவ்வொரு அடியையும் ஆசீர்வதிப்பாராக.

உன் சித்தப்பா
கத்தெல்லோ